மூலமும் படியும்: சென்னைக் கலைக்கூடக் காட்சிகளில் ஓவியம், அச்சோவியம், ஒளிப்படம்

ஆய்வுச் சுருக்கம்

சென்னைக் கலைக்கூடங்களில் ஓவியம், அச்சோவியம், ஒளிப்படம் ஆகிய மூன்றும் ஒரே சுவரில், பெரும்பாலும் ஒரே வகைச் சட்டத்தில் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. இவற்றுள் பின்னிரண்டும் படிகளாகவே பிறப்பவை. அவற்றை ஓவியத்தைப் போல ஒற்றை மூலமாகக் கொள்ளும்போது ஆய்வேடுகளில் காலக்கணிப்பும் எண்ணிக்கையும் பிழைபடுகின்றன. சுவடிப் படிகளையும் கல்வெட்டு மைப்படிகளையும் ஆய்ந்து பழகிய தமிழ் ஆய்வுலகின் கருத்துருக்களைக் கொண்டு இப்படைப்புகளை அணுகும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அச்சோவியம், ஒளிப்படம், படி, மைப்படி, கலைக்கூடம், சென்னை ஓவிய இயக்கம்

முன்னுரை

கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாதெமியின் மண்டல மையம், ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டல ஓவியர் கிராமம், முட்டுக்காட்டுத் தட்சிணசித்ரா, பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையிலுள்ள அரசு கவின்கலைக் கல்லூரி ஆகிய இடங்களில் நடைபெறும் காட்சிகளைக் கட்டுரையாளர் தம் முனைவர் பட்ட ஆய்வின் பொருட்டுத் தொடர்ந்து பார்வையிட்டு வருகிறார். பார்த்த படைப்புகளை அட்டவணைப்படுத்தும் பணியில் ஒரு பிழை நேர்ந்தது. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு கூடங்களில் கண்ட இரண்டு அச்சோவியங்களை இரண்டு தனிப் படைப்புகளாகப் பதிவு செய்து, அவற்றுக்கிடையே 'நடை வளர்ச்சி' ஒன்றையும் கண்டறிந்து இரண்டு பக்கங்கள் எழுதியாயிற்று. ஒளிப்படக் குறிப்புகளை மீண்டும் ஒப்பிட்டபோதுதான் ஒன்றின் கீழ்விளிம்பில் 3/10 என்றும், மற்றொன்றில் 7/10 என்றும் பென்சிலால் எழுதியிருந்தமை கண்ணில் பட்டது. இரண்டும் ஒரே தகட்டின் படிகள். ஒன்றில் மை சற்று அடர்த்தியாகத் தங்கியிருந்தது. 'நடை வளர்ச்சி' அவ்வளவே.

இப்பிழை ஒருவருடையது மட்டுமன்று. அச்சோவியத்தை ஓவியம் என்றே பதிவு செய்யும் வழக்கம் தமிழில் வெளிவரும் கலை ஆய்வுகளில் பரவலாக உள்ளது. கூடங்களின் விவரச்சீட்டுகளும் இதற்கு ஒரு காரணம். அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டுமே அமைகின்றன. தமிழ்ச்சீட்டு இருக்கும் இடத்தில் ஊடகத்தின் பெயர் விடுபட்டுத் தலைப்பு மட்டுமே எஞ்சுகிறது.

அச்சோவியம் பிறக்கும் முறை

திரைத்துணியில் வரையப்பட்ட எண்ணெய் ஓவியம் ஒன்றே ஒன்று. அச்சோவியக் கலைஞரோ தாளில் நேரடியாக வரைவதில்லை. மரக்கட்டை, லினோலியம், செப்பு அல்லது துத்தநாகத் தகடு, சுண்ணாம்புக்கல், பட்டுத்திரை ஆகியவற்றுள் ஒன்றில் உருவை அமைத்து, அதிலிருந்து தாளுக்கு மாற்றுகிறார். மரச்செதுக்கில் மேடாக நிற்கும் பகுதி மையை ஏற்கிறது. செதுக்கி அகற்றிய பள்ளம் தாளின் வெண்மையாக நிற்கிறது. எட்ச்சிங் எனப்படும் அமில அரிப்பு முறையில் இது தலைகீழாகிறது. தகட்டின்மேல் மெழுகு போன்ற பூச்சைப் பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுவர். கீறிய கோடுகளை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். தகடு முழுவதும் மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துணியால் துடைத்துவிட்டால் பள்ளங்களில் மட்டும் மை நிற்கும். ஈரத்தாளை அதன்மேல் வைத்து உருளை அழுத்தப் பொறியில் செலுத்தும்போது தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொள்கிறது. தாளில் தகட்டின் ஓரம் அழுந்திய தடம் ஒரு சட்டம் போலத் தெரியும். காட்சிக்கூடத்தில் சற்றே பக்கவாட்டில் நின்று நோக்கினால் இத்தடத்தைக் காணலாம். விவரச்சீட்டு சொல்லாததை அது சொல்லிவிடும்.

கல்லச்சில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எண்ணெய்ப்பசை நீரை ஏற்காது என்ற இயல்பை அடிப்படையாகக் கொண்டு சமதளக் கல்லிலேயே வரைந்து அச்சிடப்படுகிறது. இம்முறையின் வண்ண வடிவமே ரவிவர்மாவின் படங்களைத் தென்னிந்திய வீடுகளின் பூசையறைகளுக்குக் கொண்டு சேர்த்தது. எழும்பூர் அருங்காட்சியக வளாகத்துத் தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பிலுள்ள அவருடைய எண்ணெய் ஓவியங்களும், 1894இல் பம்பாயில் அவர் நிறுவிய அச்சகத்திலிருந்து வெளிவந்த படங்களும் ஒரே பெயரைத் தாங்கினாலும் ஒரே பொருளல்ல. பின்னவற்றில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல் தேவைப்பட்டது. அக்கல்லில் உருவை மாற்றி அமைத்தவர் அச்சகக் கலைஞர். சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற கோவில்பட்டி சி. கொண்டையராஜுவின் நாட்காட்டிப் படங்களையும் இவ்வரிசையில் வைக்கலாம். அவற்றின் படிகளை எவரும் எண்ணவில்லை. எண்ணி நிறுத்தியவற்றைக் கலை என்றும், எண்ணாமல் பெருக்கியவற்றை வணிகம் என்றும் பிரித்த கோடு எங்கே விழுந்தது என்பது தனியே ஆராயத்தக்கது.

விளிம்பில் எழுதிய பின்னம்

அச்சோவியத்தின் கீழ்விளிம்பில் இடப்புறம் ஒரு பின்னமும், நடுவில் தலைப்பும், வலப்புறம் கையொப்பமும் பென்சிலால் எழுதுவது இன்றைய மரபு. 3/10 எனில் பத்துப் படிகள் கொண்ட பதிப்பில் மூன்றாம் எண் இடப்பட்ட படி என்பது பொருள். எண் இட்ட வரிசை அச்சான வரிசையாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. ஆகவே குறைந்த எண் கொண்ட படி சிறந்தது என்ற வாங்குவோரின் நம்பிக்கைக்குப் பெரிய அடிப்படை இல்லை. 'ஏ/பி' என்ற குறி கலைஞர் தமக்கென வைத்துக்கொண்ட படியைச் சுட்டும். பதிப்பு முடிந்தபின் தகட்டைக் குறுக்கே கீறிப் பயனற்றதாக்குவதும் உண்டு.

இதைத் தமிழாசிரியர்க்கு விளக்கச் சுவடியியலைவிடப் பொருத்தமான துறை இல்லை. மூல ஏடு கிடைக்காத நிலையில் படிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் குறிக்கும் பழக்கம் நம்மிடம் நெடுங்காலமாக உள்ளது. அச்சோவியத்திலும் தகடு மூலமன்று, அது கருவி. படிகளே படைப்பு. ஒவ்வொரு முறையும் கையால் மை துடைக்கப்படுவதால் படிகளுக்கிடையே வேறுபாடு நேர்கிறது. கலைஞர் இடையில் தகட்டையே திருத்தினால் வேறுபாடு இன்னும் ஆழமாகிறது. அவ்வாறு திருத்தப்பட்ட ஒவ்வொரு கட்டத்தையும் 'நிலை' என்பர். ரெம்பிராண்ட் 1653ஆம் ஆண்டிட்ட 'மூன்று சிலுவைகள்' ஐந்து நிலைகளில் அறியப்படுகிறது. நான்காம் நிலையில் தகட்டின் பெரும்பகுதி மாற்றி அமைக்கப்பட்டு, உருவங்கள் பல இருளுக்குள் மறைகின்றன. எந்த நிலையைக் கண்டு எழுதுகிறோம் எனக் குறிக்காமல் அப்படைப்பைப் பற்றி ஒரு வரியும் எழுத இயலாது. ஆயினும் ஓர் எல்லையை இங்கே சுட்டவேண்டும். ஏடெழுதுவோர் செய்த மாற்றம் பெரும்பாலும் மூல ஆசிரியர் அறியாதது. தகட்டில் நேரும் திருத்தம் கலைஞருடையதே. எனவே பாடவேறுபாடு என்ற சொல்லை அப்படியே இங்கு ஏற்றுவது பொருந்தாது. 'படி', 'நிலை' என்ற இரு சொற்களும் போதுமானவை.

கல்வெட்டும் தாளும்

கல்வெட்டு மைப்படி எடுப்பதைக் களப்பணியில் கண்டவர்கள் அச்சோவியத்தை எளிதில் விளங்கிக்கொள்வர். நனைத்த தாளைக் கல்லின்மீது ஒட்டித் தூரிகையால் அடித்தால் தாள் எழுத்துப் பள்ளங்களுக்குள் இறங்குகிறது. பின்னர் மைப்பொதியால் ஒற்றும்போது மேற்பரப்பு கருமையாகவும் எழுத்து வெண்மையாகவும் தோன்றுகின்றன. ஈரத்தாள் பள்ளத்தில் இறங்குவதால் இது அமில அரிப்பு முறையைப் போன்றது; மேட்டில் மை படிவதால் மரச்செதுக்கைப் போன்றது. ஒரு பெரும் வேறுபாடும் உண்டு. மைப்படியில் தாளின் வெளிப்புறத்தில் மை ஒற்றப்படுவதால் எழுத்து நேராகவே வருகிறது. மரக்கட்டையிலும் தகட்டிலும் கல்லச்சிலும் உருவம் இடவலம் மாறி விழும். படத்தில் எழுத்தைச் சேர்க்க விரும்பும் கலைஞர் அதைத் தலைமாற்றிச் செதுக்கவேண்டும். தமிழ் எழுத்துகள் கண்ணாடிப் பிம்பமாகத் தோன்றும் அச்சோவியங்களைக் கூடங்களில் கண்டு, அதைத் திட்டமிட்ட உத்தி என விளக்கும் முன் இச்செய்முறையை நினைவிற்கொள்வது நலம்; கவனக்குறைவாகவும் இருக்கலாம்.

ஒளிப்படமும் இவ்விடத்தில் வந்து சேர்கிறது. சென்னைக் கலைப்பள்ளியை 1850இல் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் ஒளிப்படக் கலையிலும் ஈடுபாடு கொண்டவர். 1855இல் சென்னையில் நடைபெற்ற பொருட்காட்சியில் லின்னேயஸ் டிரைப் எடுத்த கோயில் ஒளிப்படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆக, இந்நகரில் ஒளிப்படக் காட்சி என்பது நேற்றுத் தோன்றியதன்று. பின்னர்ச் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராகப் பணியேற்ற டிரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படிகளை ஒன்றோடொன்று ஒட்டி ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரே படமாக்கினார். அக்கோயில் கல்வெட்டுகள் ஹுல்ட்ஷ் பதிப்பாகத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் 1891 முதல் வெளிவரத் தொடங்கியதற்கு முப்பதாண்டுகளுக்கும் முன்னர் நிகழ்ந்தது இது. இப்படத்தைக் கலை வரலாற்றாளர் ஒரு விதமாகவும் கல்வெட்டாய்வாளர் வேறு விதமாகவும் காண்பர். இருவரும் ஒருங்கே அமர்ந்து காணும் வாய்ப்பை நம் பல்கலைக்கழகத் துறைப் பிரிவினைகள் அரிதாகவே தருகின்றன.

ஒளிப்படத்தின் இரண்டு ஆண்டுகள்

புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என மூன்று சொற்கள் வழக்கில் உள்ளன. ஒளியால் பதியும் செய்முறையை நேரே சுட்டுவதால் கட்டுரையாளர் மூன்றாவதைக் கையாள்கிறார். சொல்லைவிட ஆண்டே இங்குப் பெருஞ்சிக்கல். ஒளிப்படத்துக்கு எடுத்த ஆண்டு ஒன்று, படியாக்கிய ஆண்டு ஒன்று என இரண்டு காலங்கள் உண்டு. அன்செல் ஆடம்ஸ் 1941இல் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் எடுத்த நிலவெழும் காட்சிக்குப் பின்வந்த பல பத்தாண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை உருவாக்கினார். பிந்தைய படிகளில் வானம் மிகவும் கருத்துவிட்டது. நெகட்டிவ் ஒன்றே. சென்னை ஒளிப்பட இருபதாண்டுக்... என்று ஒரு மாணவர் கருத்தரங்கத் தாளில் எழுதிவிட்டதைக் கண்ட நினைவு வருகிறது. இரண்டாண்டுக்கு ஒருமுறை என்ற நோக்கில் 2016இல் தொடங்கிய சென்னை ஒளிப்பட ஈராண்டு விழாவையே அவர் குறித்தார். இவ்விழா கூடங்களின் சுவரைவிட்டு வெளியேறி நகரின் பொதுவிடங்களிலும் படங்களை வைத்தது; 2019ஆம் ஆண்டு விழாவில் மெரினாவின் செனட் இல்லமும் காட்சியிடமாயிற்று. பொதுவிடத்தில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் பெரிய படம் காட்சி முடிந்ததும் அகற்றப்படுகிறது. கூடத்தில் தொங்கும் படியோ விற்பனைக்குரியது. ஒரே படம், இரு வாழ்வு. ஆய்வேட்டில் எதைப் பதிவு செய்கிறோம் என்பதைச் சொல்லியாகவேண்டும்.

இன்றைய காட்சிகளில் எண்மக் கோப்பிலிருந்து நிறமித்துகள் மையால் அச்சிடப்பட்ட படிகளே மிகுதி. ஒளிப்படத்துக்கு இது முறையான ஊடகம். ஆனால் எண்ணெய் ஓவியத்தை ஒளிப்படமெடுத்து, அதே கருவியால் திரைத்துணியில் அச்சிட்டு, ஓரத்தில் பின்னமிட்டு விற்பதும் பெருகியுள்ளது. இதனை மறுபதிப்பு என்று சொல்லவேண்டுமே தவிர, அச்சோவியம் என்று அழைப்பது தவறு என்பது கட்டுரையாளரின் துணிபு. தகட்டின்முன் பல நாள்கள் அமர்ந்து உழைப்பவரின் பெயரை அது கடன் வாங்குகிறது. உருப்பெருக்கியின் வழியே நோக்கினால் நுண்துளிகள் சிதறித் தெரியும், தகட்டுத்தடம் இராது.

சென்னையில் அச்சோவியத்தின் இடம்

கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தோற்றுவித்த சோழமண்டலத்தைப் பற்றிய ஆய்வுகள் ஓவியத்தையும் சிற்பத்தையும் முதன்மைப்படுத்தியே அமைந்துள்ளன. பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை பற்றி எழுதாதவர் இல்லை. அச்சோவியம் அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. தேவகோட்டையில் பிறந்து சென்னைக் கல்லூரியில் பயின்ற ஆர்.எம். பழனியப்பன் அச்சோவியத்தையே தம் முதன்மை ஊடகமாகக் கொண்டவர், ஆர்.பி. பாஸ்கரனும் ஓவியத்தோடு அச்சோவியத்திலும் உழைத்தவர். தகடும் அழுத்தப் பொறியும் அமிலத்தொட்டியும் தனியொருவர் வீட்டில் வைத்துக்கொள்ள எளியவையல்ல. கல்லூரியை விட்டு வெளியேறியவர்க்குக் கிரீம்ஸ் சாலை மையத்தின் பொதுப் பட்டறையே புகலிடமாக இருந்துவருகிறது. ஊடகத்தின் வரலாற்றை எழுதுவோர் கலைஞரின் வாழ்க்கையோடு அப்பொறியின் இருப்பையும் சேர்த்தே எழுதவேண்டியிருக்கும்.

தமிழ் வாசகர்க்கு நன்கு அறிமுகமான கே.எம். ஆதிமூலத்தின் கோட்டோவியங்களை இங்கு நினைக்கலாம். சிற்றிதழ்களிலும் நூலட்டைகளிலும் கி. ராஜநாராயணனின் எழுத்துக்கு அருகிலும் அவற்றைக் கண்டவர் பலர். மூலத்தாளைக் கண்டவர் சிலரே. அச்சகத்தின் வழியே வந்த அப்படங்கள் அச்சோவியங்களல்ல. எனினும் நவீன ஓவியத்தைத் தமிழ் இலக்கிய வாசகரிடம் கொண்டு சேர்த்தவை அவையே; கூடத்தின் சுவர் அப்பணியை அந்த அளவுக்குச் செய்யவில்லை.

பதிவு செய்யும் முறை

காட்சி பெரும்பாலும் ஒருவார அளவில் முடிந்துவிடும். தாளில் அமைந்த படைப்புகள் ஒளியால் மங்குபவை என்பதால் அருங்காட்சியகங்கள் அவற்றுக்கு 50 லக்ஸ் அளவிலான ஒளியையே பரிந்துரைக்கின்றன. எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் வரை ஏற்கப்படுகிறது. ஆகவே ஒரே கூடத்தில் மங்கிய மூலையில் அச்சோவியம் தொங்கினால் அதைப் புறக்கணிப்பு எனக் கொள்ளவேண்டியதில்லை. அம்மூலையில்தான் ஆய்வாளர் கூடுதல் நேரம் நிற்கவேண்டும்: விளிம்பிலுள்ள பின்னம், தகட்டுத்தடம், தாளின் அளவோடு தகட்டின் அளவு, ஒளிப்படமாயின் எடுத்த ஆண்டும் படியாக்கிய ஆண்டும். விவரச்சீட்டில் இல்லாதவற்றைக் கலைஞரிடமே கேட்கலாம். காட்சி நாள்களில் அவர்கள் பெரும்பாலும் கூடத்திலேயே இருப்பர், கேட்டால் மகிழ்ந்து சொல்வர்.

கட்டுரையாளரின் அட்டவணையில் இப்போது 'படி' என்றொரு தனிப் பத்தி சேர்க்கப்பட்டுள்ளது. முன்னர்ப் பதிவான அச்சோவியங்களுக்கு எதிரே அப்பத்தியின் கட்டங்கள் பல இன்னும் நிரப்பப்படவில்லை. 3/10, 7/10 பற்றிய இரண்டு பக்கங்கள் நீக்கப்பட்டு, அவ்விடத்தில் மை துடைப்பதைப் பற்றிய ஓர் அடிக்குறிப்பு இடம்பெற்றுள்ளது.