அம்மனுக்கு உகந்த வேம்பும் மழை மிகுந்த மண்ணும்

ஆடி பிறந்துவிட்டால் கிள்ளான் பள்ளத்தாக்கில் வேப்பிலையைத் தேடி அலைவோர் பெருகிவிடுகின்றனர். 1873-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் தேவஸ்தானம் முதல் தோட்டப்புறத்துச் சிற்றாலயங்கள் வரை, கரகத்துக்கும் தோரணத்துக்கும் கூழ்ப்பானைக்கும் அந்தத் தழை வேண்டும். தம் இல்லத்திலேயே ஒரு வேம்பு இருந்தால் எவ்வளவு நன்மை என்னும் எண்ணம் அப்போதுதான் பலருக்கும் எழுகிறது. மரம் நமக்கு மட்டும் உரியதன்று. மலாய் மக்களும் இதைச் ‘செமம்பு’ என்றழைத்து, நீர்க்கொப்புளான் கண்டவர் குளிக்கும் நீரில் இதன் இலையை இடுவதுண்டு.

ஆசையோடு வைத்த கன்று பட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் அலட்சியமன்று, அளவு மீறிய அன்பே. வேம்பு வறள்நிலத்து மரம். ஆண்டுக்கு 400 முதல் 1,200 மில்லிமீட்டர் வரை மழை பெறும் நிலமே அதற்கு உகந்தது. மதுரையில் பெய்வது ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். கோலாலம்பூரிலோ 2,400-க்கும் மேல். முன்னோர் தம் ஊரில் குடம் சுமந்து நீர் வார்த்துக் காத்த மரத்தை, இங்கே நீரிடமிருந்தே காக்க வேண்டியிருக்கிறது.

மண்ணும் அப்படியே. 1880-களில் தலைநகரம் அத்தாப்புக் கூரையை விட்டுச் செங்கல் கட்டடங்களுக்கு மாறியபோது, சூளைகள் அமைந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. செங்கல்லுக்கு ஏற்ற களிமண் வேம்பின் வேருக்கு ஏற்றதன்று. நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். கிள்ளானின் கடலோரத் தாழ்நிலத்திலும் இதே தொல்லைதான். ஆதலால் குழி தோண்டி நடுவதை விட, மணலும் தோட்டமண்ணும் சமமாகக் கலந்து ஒன்றரை அடி மேடு அமைத்து, முழு வெயில் படுமிடத்தில் நடுவதே சிறப்பு. மரம் ஐம்பது அடிக்கு மேலும் வளரக்கூடியது. சுவரையும் கால்வாயையும் விட்டுப் பதினைந்து அடியேனும் தள்ளி நிற்க வேண்டும். வரிசை வீட்டில் வசிப்போர் அடியில் துளைகள் உள்ள பெரிய தொட்டியில் வளர்த்து, ஆண்டுதோறும் கிளை கழித்துவரலாம். வெட்ட வெட்டத் துளிர்க்கும் இயல்புடையது வேம்பு.

ஊரிலிருந்து விதை கொண்டுவருவோர் உண்டு. அது வீண்வேலை. பழம் உதிர்ந்த சில வாரங்களிலேயே விதையின் முளைப்புத்திறன் குன்றிவிடுகிறது. தாவர நோய்த்தடுப்புச் சட்டமும் குறுக்கே நிற்கும். உள்ளூர் நாற்றங்காலில் கன்று வாங்குவதே நலம். வாங்கும்போது இலையைக் கவனிக்க வேண்டும். வேப்பிலையின் விளிம்பு அரம்போல் பல் பல்லாக இருக்கும். இந்நாட்டுக் காடுகளில் வளரும் அதன் உறவான ‘செந்தாங்’ மரத்துக்கு விளிம்பு மழமழவென்றிருக்கும். மலைவேம்பிலோ இலைக்காம்பு மீண்டும் கிளை பிரியும்.

வேர்விட்ட பின், விரலை இரண்டு அங்குலம் மண்ணுள் விட்டு, உலர்ந்திருந்தால் மட்டுமே நீர் ஊற்ற வேண்டும். மரத்தை அம்மனாகவே வழிபடுவோர் பாலையும் மஞ்சள் நீரையும் அடிமரத்தில் நாள்தோறும் கொட்டுவது அதற்கு நலம் செய்யாது. அருகில் சிறு கல் நாட்டி, அபிஷேகத்தை அதற்குச் செய்யலாம். மாலை தொங்கவிட ஆணி அறைவதும், மஞ்சள் துணியை இறுகக் கட்டி மறந்துவிடுவதும் பட்டையைப் புண்ணாக்கும்.

மரம் வளர்ந்துவிட்டால் மருந்தும் வீட்டிலேயே என்ற துணிவு வருகிறது. இங்கே எச்சரிக்கை தேவை. வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகள் வாந்தி, மயக்கம், வலிப்புக்கு ஆளானதை மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 1981-இல் ‘லான்சட்’ இதழில் பதிவு செய்தனர். மூளையையும் கல்லீரலையும் தாக்கும் நஞ்சு அது. பாட்டி காலத்து வழக்கமேயாயினும் குழந்தையின் வாயில் ஒரு சொட்டும் கூடாது.

திருவிழாவுக்கு இலை பறிப்போர் ஒரே கிளையை மொட்டையடிக்காமல், பல கிளைகளிலிருந்தும் சிறிது சிறிதாக, கூரிய கத்தியால் நறுக்க வேண்டும். கையால் பிய்த்தால் பட்டை உரிந்து, மழைநீர் இறங்கிக் கிளை அழுகும். இளங்கன்றாயின் முதல் இரண்டு ஆடிகளுக்கு அதை விட்டுவிட்டு, முற்றிய மரமுள்ள அண்டை வீட்டாரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.