பாத்ரூமில் சாக்கடை நாற்றமா? பினாயில் ஊற்றும் முன் இதைப் பாருங்க!

மே மாத லீவுக்கு மூணு வாரம் ஊருக்குப் போயிட்டு, திரும்பி வந்து ஃபிளாட் கதவைத் திறந்தா குப்புனு ஒரு சாக்கடை வாடை. அல்லது, பகல் முழுக்க ஒண்ணும் இல்லை. ராத்திரி பாத்ரூம் கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டதும் நாற்றம் ஆரம்பிக்கிறது. அல்லது, மேல் மாடியில் யாரோ ஃப்ளஷ் செய்தால் உங்கள் வீட்டு வாஷ்பேசின் 'களக் களக்' என்று சத்தம் போடுகிறது.

இதில் ஏதாவது ஒன்று உங்கள் வீட்டிலும் நடக்கிறதா? பெரும்பாலானவர்கள் உடனே செய்வது பினாயில் ஊற்றுவது, ரூம் ஃப்ரெஷ்னர் மாட்டுவது, நாப்தலின் உருண்டை போடுவது. இரண்டு நாள் வாசம் வரும். மூன்றாவது நாள் பழைய கதைதான். ஏன்னா, இந்த நாற்றம் பெரும்பாலும் அழுக்கால் வருவதில்லை. வீட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஒரு தடுப்பு காணாமல் போனதால் வருகிறது.

அந்தத் தடுப்பு என்ன? அது எப்படி காணாமல் போகிறது? பிளம்பரைக் கூப்பிடும் முன் நாமே எதைப் பார்க்கலாம்? விளக்கமாகப் பார்ப்போம்.

நடுவில் இருப்பது 2 இன்ச் தண்ணீர்!

வாஷ்பேசினுக்குக் கீழே குனிந்து பாருங்கள். பைப் நேராகத் தரைக்குப் போகாமல் வளைந்தோ, அல்லது நடுவில் குடுவை மாதிரி ஒரு பாகத்தோடோ இருக்கும். இதுதான் டிராப். பாத்ரூம் தரையில் தண்ணீர் போகும் ஜல்லிக்குக் கீழே இருப்பது நஹானி டிராப் அல்லது ஃப்ளோர் டிராப். வெஸ்டர்ன் டாய்லெட்டில் இந்த வளைவு பீங்கானுக்குள்ளேயே இருக்கிறது.

இந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கி நிற்கும். பொதுவாக 50 மி.மீ., அதாவது 2 இன்ச் உயரம். கழிவு கீழே போகலாம். ஆனால் கீழே இருக்கும் காற்று இந்தத் தண்ணீரைத் தாண்டி மேலே வர முடியாது. இதை 'வாட்டர் சீல்' என்கிறார்கள்.

லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் கம்மிங், 1775-ல் எஸ் வடிவ வளைவுள்ள ஃப்ளஷ் டாய்லெட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அன்று அவர் பயன்படுத்திய அதே வித்தையைத்தான் இன்றைய ஃபிளாட்டுகளும் நம்பியிருக்கின்றன. நவீன பாத்ரூமில் டைல்ஸ் எவ்வளவு விலை என்றாலும், சாக்கடைக் காற்றைத் தடுப்பது அந்த 2 இன்ச் தண்ணீர்தான்.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

நான்கு வழிகள் இருக்கின்றன.

*காய்ந்து போகும்:* கெஸ்ட் பாத்ரூம், பால்கனி, வாஷிங் மெஷின் பக்கத்து ஜல்லி. இவற்றில் வாரக்கணக்கில் தண்ணீரே போகாது. வெயில் காலத்தில் டிராப்பில் நிற்கும் தண்ணீர் ஆவியாகிவிடும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் இன்னும் மோசம். ரூமில் இருந்து காற்றை வெளியே தள்ளும் ஃபேன், கதவு மூடியிருந்தால், காய்ந்த டிராப் வழியாகச் சாக்கடைக் காற்றை உள்ளே இழுக்கும்.

*உறிஞ்சப்படும்:* மேலிருந்து ஒரே நேரத்தில் நிறைய தண்ணீர் குழாயில் விழும்போது, அதன் பின்னால் காற்றழுத்தம் குறையும். அந்த இழுப்பில் உங்கள் வீட்டு டிராப்பில் இருக்கும் தண்ணீரும் சேர்ந்து போய்விடும். 'களக் களக்' சத்தம் இதற்கான அடையாளம்.

*கசியும்:* டிராப்பில் தலைமுடியோ துணி நூலோ ஒரு முனை தண்ணீரிலும், மறுமுனை அந்தப் பக்கக் குழாயிலுமாகத் தொங்கினால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது மாதிரி தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வெளியே கடத்திவிடும். டிராப்பில் விரிசல் இருந்தாலும் இதேதான்.

*முதலில் இருந்தே இருக்காது:* நம்ம ஊர் கிச்சன் சிங்க்குகளில் அதிகம் பார்க்கக்கூடியது இது. வளையும் பிளாஸ்டிக் ஹோஸை அப்படியே சுவர் ஓட்டையில் செருகியிருப்பார்கள். டிராப்பும் கிடையாது, ஹோஸைச் சுற்றி இருக்கும் இடைவெளியை அடைக்க ரப்பரும் கிடையாது. நேராகச் சாக்கடையோடு கனெக்‌ஷன்.

மொட்டை மாடியில் நிற்கும் பைப் எதற்கு?

20 லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்க்கும்போது கவனித்திருப்பீர்கள். தண்ணீர் சீராக விழாது. விட்டு விட்டு, குமிழி விட்டுத்தான் இறங்கும். வெளியே போன தண்ணீரின் இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்கு வேறு வழி இல்லாததால், தண்ணீர் போகும் வாய் வழியாகவே காற்றும் உள்ளே வருகிறது. கேனின் மேலே ஒரு ஓட்டை போட்டால் தண்ணீர் அமைதியாக இறங்கும்.

கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய்க்கு அந்த ஓட்டைதான் வென்ட் பைப். வெளிச்சுவர் வழியாக மொட்டை மாடியைத் தாண்டி மேலே போய், தலையில் துளைகள் உள்ள மூடியோடு நிற்கும். அதற்கு இரண்டு வேலை. ஒன்று, சாக்கடை வாயுவைத் தலைக்கு மேலே வெளியேற்றுவது. இரண்டாவது, தண்ணீர் இறங்கும்போது குழாய்க்குள் காற்றைக் கொடுத்து, எல்லா வீட்டு டிராப்களிலும் இருக்கும் தண்ணீர் உறிஞ்சப்படாமல் பார்த்துக்கொள்வது.

இந்த இரண்டாவது வேலை பலருக்குத் தெரியாது. அதனால்தான் மொட்டை மாடியில் ரூம் கட்டும்போது 'வாடை வருது' என்று பைப்பின் வாயை சிமென்ட் வைத்து அடைத்துவிடுகிறார்கள். சில இடங்களில் பறவைக் கூடு, காய்ந்த இலை அடைத்திருக்கும். மாடியில் வாடை நின்றுவிடும். கீழே நான்கு வீட்டு பாத்ரூமில் ஆரம்பிக்கும்.

தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு வேறு ஒரு பிரச்சினை. மேலிருந்து வேகமாக வரும் தண்ணீர் கீழே வளைவில் மோதும்போது, முன்னால் இருக்கும் காற்று அழுத்தப்பட்டு டிராப் வழியாக மேலே குமிழி விடும். மழைக்காலத்தில் பாதாளச் சாக்கடையில் தண்ணீர் ஏறும்போதும், உள்ளே இருக்கும் காற்று வழி தேடி வீட்டுப் பக்கம் வரும்.

நீங்களே கண்டுபிடிக்கலாம்: 6 ஸ்டெப்

1. வீட்டில் இருக்கும் எல்லா ஜல்லி, சிங்க், வாஷ்பேசின், டாய்லெட்டிலும் ஒரு பெரிய மக் தண்ணீர் ஊற்றுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். சில மணி நேரத்தில் நாற்றம் போய்விட்டால், காய்ந்த டிராப்தான் காரணம். செலவு பூஜ்யம்.

2. போகவில்லையா? எல்லா ஜல்லிகளையும் சிங்க் வாய்களையும் பிளாஸ்டிக் கவர் வைத்து டேப் ஒட்டி மூடுங்கள். சில மணி நேரம் கழித்து, ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பாருங்கள். குற்றவாளி எது என்று தெரிந்துவிடும். எல்லாவற்றையும் மூடியும் நாற்றம் குறையவில்லை என்றால், குழாய் விரிசல் அல்லது டாய்லெட் அடிப்பகுதியைச் சந்தேகிக்கலாம்.

3. வெஸ்டர்ன் டாய்லெட்டை இரண்டு பக்கமும் லேசாக அசைத்துப் பாருங்கள். ஆடினாலோ, அடியில் பூசிய ஒயிட் சிமென்ட் வெடித்திருந்தாலோ அந்த வழியாக வாயு வரலாம். ராத்திரி தண்ணீர் மட்டத்தை பென்சிலில் குறித்துவிட்டு, யாரும் பயன்படுத்தாமல் விட்டு காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் கசிவோ உறிஞ்சலோ இருக்கிறது.

4. சிங்க், வாஷிங் மெஷின் ஹோஸ் தரைக்குள் போகும் இடத்தைப் பாருங்கள். இடைவெளி இருந்தால் ரப்பர் வளையம் போட்டு அடைக்கலாம். டிராப் இல்லை என்றால் பாட்டில் டிராப் மாட்டச் சொல்லுங்கள். சாதாரண பிளாஸ்டிக் டிராப் ஹார்டுவேர் கடையில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும்.

5. டிராப்பில் தண்ணீர் இருக்கிறது, ஆனாலும் ஜல்லி அருகில் மட்டும் வாடை என்றால், அது சாக்கடை வாயு அல்ல. சோப்பும் முடியும் சேர்ந்த வழுவழு படலம் அழுகும் வாடை. ஜல்லியைக் கழற்றி, கையுறை போட்டு, முடியை எடுத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

6. மேல் வீட்டில் ஃப்ளஷ் செய்யும்போது சத்தம் வருகிறது, ஊற்றிய தண்ணீர் ஒரே நாளில் காணாமல் போகிறது, பக்கத்து வீட்டிலும் இதே புகார். இந்த மூன்றும் சேர்ந்தால் வென்ட் பைப்பைப் பாருங்கள். இது உங்கள் வீட்டுக்குள் சரிசெய்யக்கூடியது அல்ல. அசோசியேஷனில் சொல்லி, பிளம்பரை மொட்டை மாடிக்கு அனுப்ப வேண்டும்.

ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு டிப்ஸ்: டிராப்களில் தண்ணீர் ஊற்றிவிட்டு, மேலே ஒன்றிரண்டு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள். மேலே படலமாக நின்று தண்ணீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் என்றால் கெட்டுப்போகாது.

ஆசிட் ஊற்றலாமா?

வேண்டாம். ஆசிட் கலந்த கிளீனரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே இடத்தில் பயன்படுத்தினால் குளோரின் வாயு உருவாகும். மூடிய பாத்ரூமில் அது நுரையீரலைத் தாக்கும். தவிர, டிராப்பில் தண்ணீர் நிற்கவில்லை என்பதற்கு ஆசிட் தீர்வே இல்லை.

வெறும் நாற்றம்தானே என்று விடலாமா?

சாக்கடையில் அழுகிய முட்டை வாடை தருவது ஹைட்ரஜன் சல்பைடு. மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். வீட்டில் வழக்கமாக வரும் அளவு தலைவலி, குமட்டல், கண் எரிச்சலோடு நிற்கும். ஆனால் காற்றில் சுமார் 100 பிபிஎம், அதாவது 10 லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டும்போது மூக்கு மரத்துவிடும். வாடை திடீரென்று நின்ற மாதிரி இருக்கும். அதுதான் உயிருக்கே ஆபத்தான கட்டம்.

2024 ஜூன் 11-ம் தேதி புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பாதாளச் சாக்கடையில் இருந்து வந்த விஷவாயு கழிவறை வழியாக வீடுகளுக்குள் புகுந்தது. கழிவறைக்குப் போன மூதாட்டி மயங்கி விழுந்தார். தூக்கப் போன மகளும் விழுந்தார். அதே தெருவில் 15 வயதுச் சிறுமி ஒருவரும் பாதிக்கப்பட்டார். மூன்று பேரும் உயிரிழந்தனர்.

நாற்றத்தோடு தலைசுற்றல், மூச்சுத்திணறல் இருந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல், எல்லோரும் முதலில் வெளியே வாருங்கள். சாக்கடை வாயுவில் தீப்பிடிக்கும் மீத்தேனும் இருக்கலாம். பாத்ரூமில் யாராவது மயங்கிக் கிடந்தால், நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவது உதவி அல்ல. வெளியே நின்று 112-ஐ அழையுங்கள்.

காய்ந்த டிராப் நோயையும் கடத்தும். 2003-ல் சார்ஸ் பரவியபோது ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். விசாரணையில் கைகாட்டப்பட்ட காரணங்களில் முக்கியமானவை, பாத்ரூம் தரையில் தண்ணீரின்றிக் காய்ந்திருந்த டிராப்களும், அவற்றின் வழியாகக் காற்றை இழுத்த எக்ஸாஸ்ட் ஃபேன்களும்தான்.

செப்டிக் டேங்க் என்றால் யாரைக் கூப்பிடுவது?

சில நேரம் பிரச்சினை கீழே, செப்டிக் டேங்க் நிரம்பியதாலோ சாக்கடை அடைப்பாலோ இருக்கலாம். அப்போது 'ஆளை இறக்கி ஒரு தடவை பார்த்துடலாம்' என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

உரிய பாதுகாப்பு இல்லாமல் ஒருவரைச் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ இறக்குவது, 2013-ம் ஆண்டு சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். வேலை வாங்கியது நீங்களோ உங்கள் அசோசியேஷனோ என்றால் பொறுப்பும் உங்களுடையதுதான். இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் பாத்ரூமில் தலைவலியாக வந்த அதே வாயு, மூடிய தொட்டிக்குள் சில மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும்.

இயந்திர லாரி மூலம் கழிவை அகற்ற 14420 என்ற எண்ணை அழைக்கலாம். சென்னையில் சாக்கடை அடைப்பு புகாருக்குக் குடிநீர் வாரியத்தின் 1916.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் செய்யலாம். ஹவுஸ் ஓனரிடம் 'நாற்றம் வருது' என்று மட்டும் சொன்னால், 'நல்லா கழுவி விடுங்க' என்ற பதில்தான் வரும். 'சிங்க்ல டிராப் இல்லை', 'மாடியில வென்ட் பைப் அடைச்சிருக்கு' என்று போட்டோவோடு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். என்ன வேலை, எந்த இடம் என்று தெளிவாகத் தெரிந்தால், ஓனராலும் தட்டிக்கழிக்க முடியாது, பிளம்பராலும் தேவையில்லாமல் தரையை உடைக்க முடியாது.