கன்னேரி மலைக்கு ஒரு நாள் நடை

பொருள் தேடி ஊர்விட்டு வந்து மும்பையில் குடியேறிய நம்மவருள் பலருக்கு இம்மாநகரம் இரண்டு இடங்களாகவே தெரிகிறது: ஒன்று வீடு, மற்றொன்று அலுவலகம். பிள்ளைகளோ இங்கேயே பிறந்தவர்கள். ‘உன் ஊர் எது?’ என்று கேட்டால், கோடை விடுமுறையில் பதினைந்து நாள் கண்ட தஞ்சையையோ நெல்லையையோ தயங்கிக் கூறுகின்றனர். மூதாதையர் மண்ணும் முழுதாய்த் தெரியாமல், வளரும் மண்ணும் தெரியாமல் ஒரு தலைமுறை உருவாவது நன்றன்று. ஒரு மண்ணை அறிய எளிய வழி, அதன்மேல் நடப்பதே. அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

போரிவ்லி ரயில் நிலையத்தின் கிழக்கே, நகர எல்லைக்குள்ளேயே, 100 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காடு ஒன்று பரந்து கிடக்கிறது. அதுவே சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. நகருக்குக் குடிநீர் தரும் விகார், துளசி ஏரிகள் இக்காட்டை ஒட்டியே உள்ளன. வாயிலிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நடந்தால் கன்னேரிக் குகைகளை அடையலாம். எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கரும்பாறையில் பௌத்தத் துறவியர் குடைந்த நூற்றுக்கு மேற்பட்ட குகைகள் அங்கே உள்ளன. அவற்றுள் பழையவை ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்டவை. மழைநீரைப் பாறையில் வெட்டிய வாய்க்கால்களால் தொட்டிகளில் தேக்கி, மழையற்ற மாதங்களை அத்துறவியர் கழித்த திறம் பிள்ளைகளுக்குக் காட்டத் தக்கது.

இன்னொரு செய்தி நம் உள்ளத்தைத் தொடுவது. கல்யாண், சோபாரா ஆகிய ஊர்களின் வணிகர் இக்குகைகளுக்கு அறம் செய்ததைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. 90ஆம் குகையில், பாரசீகத்திலிருந்து வந்து குடியேறிய வழியினரான பார்சிகள் 1009ஆம் ஆண்டிலும் 1021ஆம் ஆண்டிலும் இம்மலைக்கு வந்து, தங்கள் பெயர்களைப் பகலவி எழுத்தில் பொறித்துச் சென்றுள்ளனர். புதிய மண்ணுக்கு வந்தோர் அம்மண்ணின் மலையைக் காண ஏறிய வழக்கம் ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது. நாமும் ஏறுவோம், ஆனால் பெயர் பொறிக்க வேண்டா. இன்று அது குற்றம்.

வழியின் இருமருங்கும் கார்வி என்னும் புதர் அடர்ந்திருக்கும். இதன் தண்டுகளை வரிசையாய் நிறுத்தி மண் பூசி, பழங்குடியினர் குடிசைச் சுவர் எழுப்புவர். எட்டு ஆண்டுக்கு ஒருமுறையே இது கூட்டமாய்ப் பூக்கும். 2016இலும் 2024இலும் இக்காடு ஊதா நிறம் போர்த்தது. கணக்குப்படி அடுத்த முறை 2032. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நீலகிரியில் மலரும் நம் குறிஞ்சியும் இக்கார்வியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பர் தாவர நூலார். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி எனப் பாடப்புத்தகத்தில் படிக்கும் பிள்ளைக்கு, அம்மலரின் உறவை இங்கேயே தொட்டுக் காட்டலாம்.

இனி, செல்லும் முறை. மழைக்காலத்தில் பாசி படிந்த பாறை வழுக்கும். ஓடைகள் திடீரெனப் பெருகும். ஆதலால் குடும்பத்தோடு செல்ல, அக்டோபர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை.

புறப்படுமுன் நேரக் கணக்குப் போடுக. பிள்ளைகளோடு மணிக்கு 3 கிலோமீட்டர் நடந்தால், போக இரண்டு மணி, வர இரண்டு மணி. குகைகளுக்கும் உணவுக்கும் மூன்று மணி. ஆக ஏழு மணி நேரம். காலை எட்டுக்குப் புறப்பட்டவர் பிற்பகல் மூன்றுக்குத் திரும்பலாம். நண்பகல் ஒரு மணிக்கு எங்கிருந்தாலும் திரும்புவது என்று முன்கூட்டியே உறுதி செய்க. ‘இன்னும் சிறிது தூரம்’ என்னும் ஆசையே மலைவழிகளில் பலரை இருளில் சிக்க வைக்கிறது.

இது சிறுத்தைகள் வாழும் காடு. ஆகையால் பிள்ளைகளைத் தனியே முன்னோட விடலாகாது, கிளைவழிகளில் இறங்கலாகாது. உட்காட்டுத் தடங்களுக்கு வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் பெற்றே செல்க. ஆளுக்கு இரண்டு லிட்டர் நீர், பிடிப்புள்ள காலணி, தொப்பி ஆகியன இன்றியமையாதவை. புளியோதரையும் எலுமிச்சைச் சோறும் நெடுநேரம் கெடாமல் இருக்கும். குரங்குகள் மிகுதியாதலால் பொட்டலத்தைக் கையில் ஏந்தாமல் பைக்குள் வைத்து மூடுக. குப்பை அனைத்தையும் திரும்பக் கொணர்க.

சங்க அன்பர்கள் நாலைந்து குடும்பமாய்ச் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிறு இவ்வாறு நடந்தால், பிள்ளைகளுக்குக் காட்டின் மரமும் பறவையும் தமிழிலும் மராத்தியிலும் பெயரோடு தெரியவரும். பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த மண் அயல்மண் ஆகாது. அப்பொழுது ‘உன் ஊர் எது?’ என்னும் கேள்விக்கு அவர்கள் தயங்காமல் இரண்டு ஊர்களைச் சொல்வர்.