இருந்த கோளும் இல்லாத கோளும்

1846 செப்டம்பர் 23. பெர்லின் வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த யோஹான் கால்லேவின் கைக்கு பாரிஸிலிருந்து ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. எழுதியவர் உர்பென் லெவெரியே. வானில் இன்ன இடத்தில் தேடுங்கள், யாரும் அறியாத கோள் ஒன்று கிடைக்கும் என்பதே அதன் சாரம். அன்றிரவே கால்லே தொலைநோக்கியைத் திருப்பினார். புதிதாக அச்சான விண்மீன் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னவர், கூடவே இருந்த மாணவர் தாரெஸ்ட். கால்லே ஒவ்வொரு விண்மீனின் இடத்தையும் சொல்லச் சொல்ல, தாரெஸ்ட் வரைபடத்தில் சரிபார்த்துக்கொண்டே வந்தார். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. வரைபடத்தில் இல்லாத ஒரு புள்ளி சிக்கியது. லெவெரியே குறித்த இடத்திலிருந்து ஒரு பாகைகூட விலகவில்லை.

அதுதான் நெப்டியூன்.

லெவெரியே இதற்காகத் தொலைநோக்கியைத் தொடவே இல்லை. அவரிடம் இருந்தது யுரேனஸின் கணக்கு மட்டும். 1781-ல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்த யுரேனஸ், கணித்த பாதையில் ஒழுங்காக நடக்க மறுத்தது. அலெக்ஸி பூவார் 1821-ல் அதற்கு அட்டவணை போட்டபோது, 1690 முதல் யுரேனஸை விண்மீன் என்று நினைத்துப் பலர் எழுதி வைத்திருந்த பழைய குறிப்புகள் பொருந்தவில்லை. பழைய ஆட்கள் சரியாக அளக்கவில்லை என்று அவற்றை ஒதுக்கிவிட்டார். சில ஆண்டுகளில் புது அளவுகளும் அதே அட்டவணையை விட்டு விலகின. இனி பழி போட ஆளில்லை. சூரியனிலிருந்து அவ்வளவு தொலைவில் நியூட்டனின் ஈர்ப்பு விதி மாறுகிறதோ என்று சிலர் சந்தேகித்தார்கள். விதி சரிதான், கண்ணில் படாத ஒரு கோள் யுரேனஸை இழுக்கிறது என்று முடிவு கட்டினார் லெவெரியே. இங்கிலாந்தில் ஜான் கோச் ஆடம்ஸும் தனியாக அதே கணக்கில் இறங்கியிருந்தார். அவருடைய கணிப்பை வைத்துக் கேம்பிரிட்ஜில் தேடிய சாலிஸ், ஆகஸ்டிலேயே இரண்டு முறை அந்தக் கோளைப் பார்த்து, குறித்தும் வைத்துவிட்டார். குறிப்புகளை உடனே ஒப்பிட்டுப் பார்க்காததால் பெருமை பெர்லினுக்குப் போனது.

பள்ளிப் பாடங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடும். ஆனால் சுவையான பகுதி இதற்குப் பிறகுதான்.

லெவெரியே அடுத்து புதனை எடுத்துக்கொண்டார். சூரியனுக்கு மிக அருகே புதன் வரும் புள்ளி ஒரே இடத்தில் நிற்பதில்லை. மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். மற்றக் கோள்களின் இழுப்பையெல்லாம் கூட்டிப் பார்த்தும் கணக்கில் துண்டு விழுந்தது. 1859-ல் அவர் சொன்ன துண்டு, நூற்றாண்டுக்கு 38 வில்விநாடி. பிறகு சைமன் நியூகோம் அதை 43 என்று திருத்தினார். ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி. அதாவது, இந்தப் பிசகு சேர்ந்து ஒரு பாகை ஆக எட்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். இவ்வளவு சிறிய பிசகைக்கூடச் சும்மா விடாததைப் பிடிவாதம் என்றும் சொல்லலாம், நேர்மை என்றும் சொல்லலாம்.

யுரேனஸுக்குப் பலித்த வழி புதனுக்கும் பலிக்காதா? சூரியனுக்கும் புதனுக்கும் இடையே இன்னொரு கோளோ, பல சிறு கோள்களோ இருக்க வேண்டும் என்றார் லெவெரியே. சில மாதங்களில் ஓர்ஷேர் என்ற ஊரின் மருத்துவர் லெஸ்கார்போவிடமிருந்து கடிதம் வந்தது. அந்த ஆண்டு மார்ச் 26 அன்று ஒரு கரும்புள்ளி சூரியனைக் கடந்து போனதைப் பார்த்ததாக எழுதியிருந்தார். லெவெரியே முன்னறிவிப்பு இல்லாமல் அவர் வீட்டுக்கே போய், தான் யார் என்று சொல்லாமல் குறுக்கு விசாரணை செய்தார். விநாடிகளை எண்ண மருத்துவர் வைத்திருந்தது பட்டு நூலில் தொங்கிய ஒரு தந்தக் குண்டு. கணக்குப் போட்டது மரப்பலகையில்; வேண்டாதபோது இழைத்துவிடுவாராம். சோதித்துப் பார்த்த லெவெரியேவுக்கு நம்பிக்கை வந்தது. மருத்துவருக்கு அரசு விருது கிடைத்தது. கோளுக்கு வல்கன் என்று பெயரும் விழுந்தது. அதே நேரத்தில் பிரேசிலில் சூரியனைக் கவனித்துக்கொண்டிருந்த எமானுவேல் லியே தன் கண்ணில் எதுவும் படவில்லை என்று சொன்னதை அதிகம் பேர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1877 மார்ச்சில் வல்கன் சூரியனைக் கடக்கக்கூடும் என்று லெவெரியே நாள் குறித்தார். பல நாடுகளில் காத்திருந்தார்கள், எதுவும் தென்படவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 23 அன்று அவர் காலமானார். அது நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்ட அதே தேதி.

அடுத்த ஆண்டு அமெரிக்காவில் முழு சூரிய கிரகணம். வல்கனைப் பார்த்துவிட்டதாக ஜேம்ஸ் வாட்சனும் லூயிஸ் ஸ்விஃப்டும் அறிவித்தார்கள். அவர்கள் சொன்ன இடங்கள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. தெரிந்த விண்மீன்களைத்தான் கோள் என்று எண்ணிவிட்டார்கள் என்றார் வானியலாளர் பீட்டர்ஸ். வாட்சன் விடவில்லை. பகலிலேயே வல்கனைத் தேட நிலத்துக்கடியில் ஓர் ஆய்வுக்கூடம் கட்டத் தொடங்கி, அது முடியும் முன்பே 1880-ல் இறந்துபோனார்.

வேறு வழியும் முயன்றார்கள். தொலைவின் 2-ஆம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் ஈர்ப்பு குறைகிறது என்பது நியூட்டன் விதி. அந்த 2-ஐ 2.00000016 என்று மாற்றினால் புதன் சரியாகிவிடும் என்றார் அசஃப் ஹால், 1894-ல். புதன் சரியானது, நிலவு இடித்தது. ஒட்டுப்போட்ட விதிகளுக்கு வழக்கமாக நேர்வது இதுதான். 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தன் பொதுச் சார்பியலைக் கொண்டு புதனைக் கணக்கிட்டபோது, எந்த எண்ணையும் இழுத்துப் பிடிக்காமல் 43 வந்து நின்றது. வல்கனுக்கு இனி வேலையில்லை.

வல்கனைச் சொன்னதற்காக லெவெரியேவைக் கேலி செய்வது நியாயமில்லை. இரண்டு முறையும் ஒரே தருக்கம். இரண்டு முறையும் எங்கே, எப்போது தேடலாம் என்று சொன்னார். அதனால்தான் வானத்தால் ஒருமுறை ஆம் என்றும் மறுமுறை இல்லை என்றும் பதில் சொல்ல முடிந்தது.

கண்ணில் படாத பொருளா, விதியிலேயே பிசகா என்ற அதே கேள்வி இன்றும் மேசையில் கிடக்கிறது. விண்மீன் மண்டலங்கள் கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு தாங்காத வேகத்தில் சுழல்வதை 1970-களில் வேரா ரூபின் அளந்து காட்டினார். தெரியாத பொருள் இருக்கிறது என்கிறார்கள் பெரும்பாலானோர்; அதற்குக் கரும்பொருள் என்று பெயர். விதியையே திருத்த வேண்டும் என்று 1983-ல் எழுதினார் இயற்பியலாளர் மில்க்ரோம். கரும்பொருள் கட்சிக்கே சான்றுகள் கூடுதல். ஆனால் அந்தப் பொருளின் ஒரு துகளைக்கூட எந்த ஆய்வுக்கூடமும் இன்னும் உறுதியாகப் பிடித்துக் காட்டவில்லை.