ஆக்ஸ்போர்டு காற்புள்ளி

ஆக்ஸ்போர்டு காற்புள்ளி என்பது ஆங்கிலத்தில் மூன்றோ அதற்கு மேலோ அடுக்கிக் கூறும்போது, இறுதியில் வரும் "அண்ட்" அல்லது "ஆர்" என்ற இணைப்புச் சொல்லுக்கு முன் இடப்படும் காற்புள்ளி ஆகும். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் இதனைக் கடைப்பிடிப்பதால் இப்பெயர் பெற்றது. செய்தித்தாள்கள் பெரும்பாலும் இதனை விட்டுவிடுகின்றன.

ஐக்கிய அமெரிக்காவின் மேய்ன் மாநிலச் சட்டம், மிகைநேர ஊதியத்திற்கு உரிமையில்லாப் பணிகளை அடுக்கி, "பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்" என முடித்தது. "ஆர்" என்பதற்கு முன் காற்புள்ளி இல்லை. ஆகவே விலக்கப்பட்டது வினியோகமா, அல்லது வினியோகத்திற்காகப் பொதி கட்டுதல் மட்டுமா என்ற ஐயம் எழுந்தது. பொதி கட்டாது, வினியோகம் மட்டும் செய்துவந்த ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவன ஓட்டுநர்கள் வழக்குத் தொடுத்தனர். 2017 இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஐயத்தின் பயனை ஓட்டுநர்களுக்கே அளித்தது. 2018 இல் நிறுவனம் 50 லட்சம் டாலர் தர இசைந்தது. தீர்ப்புக்குப் பின் சட்டமன்றம் அப்பட்டியலை அரைப்புள்ளிகளால் பிரித்துத் திருத்தியது.