இரண்டு துளையுள்ள கூடு

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் பயிற்சி மைதானங்களுக்கு வருகிறவர்களில் பலர், சுட்டு முடித்துத் துப்பாக்கியைத் துடைத்து உறையிலிட்ட பிறகும் உடனே வீடு திரும்புவதில்லை. குனிந்து தரையைத் துழாவி, தாங்கள் சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டுதான் புறப்படுகிறார்கள். இதைக் கொண்டு அவர்களை லோபிகள் என்று எண்ணிவிடலாகாது. குண்டு, வெடிமருந்து, மருந்துக்குத் தீ மூட்டும் பிரைமர், இம்மூன்றையும் தாங்கும் பித்தளைக் கூடு என்று ஒரு தோட்டாவுக்கு அங்கங்கள் நான்கு. அவற்றில் குண்டு பறந்துவிடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது, பிரைமர் ஒருமுறை வெடித்ததோடு தீர்ந்துபோகிறது. எஞ்சுவது கூடு ஒன்றே, நான்கில் விலை மிகுந்ததும் பெரும்பாலும் அதுவே. அதற்குப் புதுப் பிரைமரும் மருந்தும் குண்டும் இட்டு மேலும் சில தடவை உபயோகிக்கலாம் என்பதனால், சட்டம் அனுமதிக்கும் அந்நாட்டில் இது ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்திருக்கிறது. நம் நாட்டிலோ 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம். ஆகவே நாம் இந்த விஷயத்தைத் தூர நின்று பார்ப்பவர்களே.

பொறுக்கிய கூடுகளெல்லாம் இந்த மறுபிறவிக்கு இணங்கிவிடுவதில்லை. கூட்டின் வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே நோக்கினால், சிலவற்றின் அடியில் நட்டநடுவே, பிரைமரின் தீ மருந்தை எட்டுவதற்கென்று, ஒரே ஒரு துளை தெரியும்; வேறு சிலவற்றில் நடு மூடியிருக்க, அதன் இருபுறமும் இரண்டு சிறு துளைகள் தெரியும். ஒற்றைத் துளைக் கூட்டைக் கண்டவர் அதைப் பத்திரப்படுத்துகிறார்; இரட்டைத் துளைக் கூட்டைக் கண்டவர் உதட்டைப் பிதுக்குகிறார். இந்த இரண்டாவது இனத்தைச் சிரமப்பட்டு முதல் இனமாக மாற்றுவது பிரயோஜனமுள்ள காரியந்தானா என்பதே கேள்வி.

பிள்ளைகள் தீபாவளிக்கு வெடிக்கும் பொட்டு வெடியைக் கல்லின்மேல் வைத்துத் தட்டினால்தான் வெடிக்குமே தவிர, பஞ்சின்மேல் வைத்துத் தட்டினால் வெடிக்காது. பிரைமரின் சூட்சுமமும் அதுவே. துப்பாக்கியின் ஊசி மேலிருந்து தட்டும்போது அடியிலிருந்து எதிர்த்து நிற்க ஒரு பட்டடை வேண்டும். அந்தப் பட்டடையைப் பிரைமருக்குள்ளேயே அடக்கிவைத்தவர் எட்வர்ட் பாக்ஸர் என்ற ஆங்கிலேயர், உல்விச் ராணுவத் தொழிற்சாலையில் அதிகாரியாயிருந்தவர்; அதைப் பிரைமரில் வையாமல், கூட்டின் அடிக்குழியில் பித்தளையோடு பித்தளையாக ஒரு முளையாய் எழுப்பிவைத்தவர் ஹைரம் பெர்டான் என்ற அமெரிக்கர், அந்நாட்டு உள்நாட்டுப் போரில் குறிசுடும் வீரர்களின் படைக்குத் தலைமை வகித்தவர். இருவரும் 1866ஆம் ஆண்டிலேயே, முன்னவர் அக்டோபரிலும் பின்னவர் மார்ச்சிலுமாக, தத்தம் நாட்டில் காப்புரிமை பெற்றார்கள். ஆனால் விதியின் விளையாட்டைப் பாருங்கள்: ஆங்கிலேயரின் யுக்தியை அமெரிக்கா தத்தெடுத்துக்கொண்டது, அமெரிக்கரின் யுக்தியை ஐரோப்பா சுவீகரித்துக்கொண்டது. பெர்டானுடைய பிரைமரில் தனிப் பட்டடை இல்லாததால் அதைச் செய்வது சுலபம், செலவும் குறைவு. போர்க்களத்தில் கூட்டைப் பொறுக்கும் சிப்பாய் எவனும் இல்லையாகையால், திரும்ப உபயோகிக்க முடியுமா என்ற கவலை ராணுவங்களுக்கு இருந்ததில்லை.

ஒற்றைத் துளையுள்ள பாக்ஸர் கூட்டில் பழைய பிரைமரை நீக்க, வாய்வழியே ஒரு கம்பியை இறக்கி நடுத் துளையில் அழுத்தினால் போதும். நடுவை முளை அடைத்துக்கொள்ள இருபுறமும் துளைகளுள்ள பெர்டான் கூட்டில் அந்தக் கம்பி நடுவிலுள்ள பித்தளையில் முட்டி வளையும் அல்லது முறியும். ஆகவே அதற்கென்று வெளியிலிருந்து குத்திக் கிளப்பும் கொக்கிக் கருவிகள் உண்டு. அவை இல்லாதவர்கள் கூட்டில் நீரை நிரப்பி, வாய்க்கு இறுகப் பொருந்தும் கோல் ஒன்றைச் செருகிச் சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். நீர் இரு துளைகளின் வழியே பாய்ந்து பிரைமரைப் பின்னிருந்து தள்ளி வெளியேற்றும், அடித்தவரின் சட்டையையும் கரிநீரில் நனைத்துவிடும். இவ்வளவும் பழையதை நீக்குவதற்கு மட்டுமே. மாற்றம் செய்யப் புகுந்தவர் இனித்தான் முளையைக் கடைந்து எடுத்து, நடுவில் புதிதாய்த் துளையிட்டு, குழியின் ஆழத்தையும் விட்டத்தையும் பாக்ஸர் பிரைமருக்கு ஏற்பச் சரிசெய்யவேண்டும்.

முட்டுக்கட்டை விட்டத்தில்தான் இருக்கிறது. பாக்ஸர் பிரைமர்களில் பெரியதன் விட்டம் ஏறத்தாழ 5.33 மில்லிமீட்டர், ஐரோப்பாவில் சாமானியமாக வழங்கும் பெர்டான் பிரைமரோ 5.5 மில்லிமீட்டர், பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 தோட்டாவில் கால் அங்குலம், அதாவது 6.35. சிறிய குழியைப் பெரிதாக்குவது எந்தக் கடைசல்காரருக்கும் எளிது. பெரிய குழியைச் சிறிதாக்கப் பித்தளை வளையம் ஒன்றைச் செய்து உள்ளே இறுக்கவேண்டும். இது வெறும் நேர்த்தியைப் பற்றிய விஷயமுமன்று. .308 வின்செஸ்டர் போன்ற தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில் நியமம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அந்த அழுத்தத்தைப் பின்புறம் கசியவிடாமல் தடுத்து நிற்பது கூட்டின் அடியும், குழியில் இறுகியிருக்கும் பிரைமருமே. பிடிப்புத் தளர்ந்தால் கொதிக்கும் வாயு பின்னால் பீறிட்டு, துப்பாக்கியின் எஃகை அரிப்பதோடு சுடுகிறவரின் முகத்தையும் தேடி வரும். மிச்சம் பிடிப்பதோ சில கிராம் பித்தளை. பணயம் வைப்பதோ கண். சந்தையில் தாராளமாகக் கிடைக்கும் அளவுகளைப் பொறுத்தவரை இந்த மாற்றம் வியர்த்தமான பிரயாசை என்பதே என் அபிப்பிராயம். மாலை முழுவதும் கடைசல் பட்டறையில் நிற்பதே இன்பம் என்பவர்களோடு நான் வாதிட வரவில்லை.

கிடைக்காத அளவுகளின் கதை வேறு. அதில் நம் தேசத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1907ஆம் ஆண்டு வாக்கில் பிரிட்டிஷ் அரசு, கலகக்காரர்கள் கையிலிருந்த பழைய மார்ட்டினி-ஹென்றித் துப்பாக்கிகளுக்கு உதவிவிடும் என்று அஞ்சி, .450 அளவுத் தோட்டாக்களை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை விதித்தது. யானை வேட்டைக்கும் புலி வேட்டைக்கும் துப்பாக்கி செய்துகொடுத்த லண்டன் கொல்லர்கள் தடையைச் சுற்றிக்கொண்டுபோக .465, .470, .475 என்று புதுப்புது அளவுகளைப் படைத்தார்கள். இவற்றுக்கான தோட்டாக்களைச் செய்துவந்த பர்மிங்ஹாமின் கைனோக் நிறுவனம் பின்னாளில் கைவிட்டபோது, ஒரு வீட்டின் விலை பெறும் இரட்டைக்குழல் துப்பாக்கியை வைத்திருந்தவர் கையில் மிஞ்சியவை சில டஜன் பெர்டான் கூடுகள் மட்டுமே. அவருக்கு மாற்றம் நியாயமாகத்தான் இருந்தது. அவருங்கூட ஜெர்மனியிலிருந்து பெர்டான் பிரைமரே தருவித்து, கூட்டின்மேல் கைவைக்காமல் இடுவதே உத்தமமாயிருந்தது.

இங்கே ஒரு விபரீதமும் உண்டு. மாற்றத் தகுந்த அபூர்வக் கூடுகள் எவையோ, அவையே பெரும்பாலும் வயதேறியவை. பழைய பிரைமர்கள் பலவற்றில் பாதரசச் சேர்மம் இருந்தது. வெடித்ததும் விடுபடும் பாதரசம் பித்தளையோடு கலந்து அதை நொறுங்கும்படி செய்துவிடும், வெளிப்பார்வைக்கு எதுவும் தெரியாது. பித்தளையின் மற்றொரு சத்துரு அம்மோனியா. பிரிட்டிஷ் ஆட்சியில் மழைக்காலத்தில் இந்தியக் குதிரை லாயங்களில் சேமித்துவைத்த தோட்டாக்கள், எவரும் தொடாமலே விரிசல் கண்டன. கூட்டை இழுத்து உருவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும் கூடிச் செய்த வேலை அது என்று 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்போர் விளக்கினார்கள். அறுபது எழுபது ஆண்டுகள் எந்த லாயத்தில், எந்தக் கிடங்கில் கிடந்ததென்று சொல்ல முடியாத கூட்டைத் துரப்பணத்தின்கீழ் வைப்பவர் இதையும் எண்ணிப்பார்க்கவேண்டும்.

கிடைக்காத அளவு கிடைக்கத் தொடங்கினால் என்னாகும் என்பதற்கு ஸ்விட்சர்லாந்து ராணுவத்தின் ஜி.பி.11 தோட்டாவைப் பாருங்கள். குறிதவறாமைக்குப் பேர்போனது, பித்தளையும் முதல்தரமானது, ஆனால் பெர்டான் ஜாதி. அந்நாட்டின் 1931ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கிகள் உபரியாக விற்கப்பட்டு அமெரிக்கர் கைக்கு வந்தபோது, அவ்வளவு நல்ல கூட்டை எறிவதா என்று மனம் பொறாதவர்கள் அதை மாற்றும் வித்தைகளில் இறங்கினார்கள்; அவர்களைவிடச் சமர்த்தர்கள், .284 வின்செஸ்டரின் பாக்ஸர் கூட்டை அச்சில் அழுத்தி ஸ்விஸ் வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். இப்பொழுது ஸ்வீடனின் நார்மாவும் செர்பியாவின் பிர்வி பார்ட்டிசானும் அதே அளவில் பாக்ஸர் கூடுகளையே செய்து விற்கின்றன. ஜி.பி.11 சுடுகிறவர்கள் இன்றும் கூடுகளைப் பொறுக்கத்தான் செய்கிறார்கள்; பொறுக்கியதைப் பழைய பித்தளையாக எடைக்குப் போட்டுவிட்டு, வந்த காசைப் புதுக் கூடு வாங்கும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள்.