பெண் குரலில் பாடிய அமைச்சர்

திருவண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்கள் 14 கிலோ மீட்டர் நடக்க வேண்டும். பெரிய கோவில் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. பாதி வழி நடந்து, மலையின் பின்புறம் வந்தால் அடி அண்ணாமலை என்ற ஊர் வரும். அங்கே ஆதி அருணாசலேசுவரர் கோவில் இருக்கிறது. பக்கத்திலேயே மாணிக்கவாசகருக்கும் ஒரு சிறிய கோவில் உண்டு. கால் வலியோடு வருகிற பலர் அதைக் கவனிக்காமலே போய்விடுகிறார்கள்.

திருவெம்பாவை பிறந்த இடம் இதுதான் என்பது வழிவழியாக வரும் செய்தி. மார்கழி மாதம். விடியற்காலம். ஊர்ப் பெண்கள் வீடு வீடாகப் போய் ஒருவரை ஒருவர் எழுப்பிக்கொண்டு நீராடப் போனார்கள். மாணிக்கவாசகர் அதைக் கண்டார். அவர்கள் பேச்சைக் கேட்டார். அந்தப் பேச்சையே 20 பாட்டாகப் பாடிவிட்டார் என்று சொல்லுவார்கள்.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. மாணிக்கவாசகர் பாண்டிய மன்னனுக்கு அமைச்சராக இருந்தவர். தென்னவன் பிரமராயன் என்று பட்டம் பெற்றவர். சபையில் நிமிர்ந்து நின்று பேசிப் பழகிய நாக்கு அவருடையது. திருக்குறளில் "சொல்வன்மை" என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. 65-வது அதிகாரம். வள்ளுவர் அதை அமைச்சருக்குரிய குணங்களில் வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் அமைச்சர் என்றால் ஆண்தான். அப்படிப்பட்ட அமைச்சர் ஒருவர், சபைப் பேச்சை மூட்டை கட்டி வைத்துவிட்டு, வாசல் தெளிக்கிற பெண்களின் பேச்சை எடுத்துக்கொண்டார்!

"நீயே வந்து எண்ணு!"

திருவெம்பாவையைப் பக்திப் பாட்டு என்று எல்லோரும் பாடுகிறார்கள். அதில் உள்ள பேச்சுச் சாமர்த்தியத்தைக் கவனிப்பவர்கள் குறைவு.

வெளியே தோழிகள் நிற்கிறார்கள். உள்ளே ஒருத்தி படுக்கையை விட்டு எழவில்லை. "எல்லாரும் வந்தாகிவிட்டதா?" என்று படுத்தபடியே கேட்கிறாள். வெளியே நிற்பவர்களுக்குக் கோபம் வருகிறது. கோபத்தைக் காட்டாமல் ஒரு குத்தல் பேச்சு பேசுகிறார்கள். நாங்கள் எண்ண மாட்டோம், நீயே எழுந்து வந்து எண்ணிப் பார், ஆள் குறைந்தால் திரும்பப் போய்த் தூங்கிக்கொள் என்பது அதன் பொருள். எழுந்து வந்து எண்ணினால் அப்புறம் தூக்கம் ஏது? குழாயடியிலும் பஸ் நிறுத்தத்திலும் இன்றும் கேட்கிற பேச்சு இது.

இன்னொரு பாட்டில், திருமாலும் பிரமனும் காணாத மலையை நாம் அறிவோம் என்று ஒருத்தி முன்பு பெருமை அடித்துக்கொண்டாள் என்று வருகிறது. இப்போது அவளே கதவைத் திறக்கவில்லை. தோழிகள் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

முடிவில் எல்லோரும் சேர்ந்து சிவபெருமானிடம் விண்ணப்பம் வைக்கிறார்கள். உன் அடியாருக்கே நாங்கள் மாலையிட வேண்டும், எங்கள் கை உனக்கே வேலை செய்ய வேண்டும், இதைக் கொடுத்துவிட்டால் சூரியன் எந்தத் திசையில் உதித்தால்தான் எங்களுக்கு என்ன என்கிறார்கள். கெஞ்சுகிறவர்கள் பேசுகிற பேச்சா இது? நிபந்தனை போடுகிறவர்கள் பேச்சு. தன் கல்யாணத்தைப் பற்றித் தானே பேசும் பெண்ணை இந்தப் பாட்டில் பார்க்கிறோம்.

அண்ணாமலையானின் பெயர் வருகிற பாட்டிலேயே, இறைவன் பெண்ணும் ஆவான், ஆணும் ஆவான், இரண்டும் அல்லாதவனும் ஆவான் என்ற கருத்தும் வருகிறது. ஊருக்கு ஏற்ற கருத்துதான். உமாதேவி தவம் செய்து இறைவனின் இடப்பாகம் பெற்ற தலம் என்று திருவண்ணாமலையைச் சொல்லுகிறார்கள். கார்த்திகை தீபத்தன்று மாலையில், மலை உச்சியில் தீபம் ஏற்றும் வேளையில், அர்த்தநாரீசுவரர் சில நிமிஷம் மட்டும் வெளியே வந்து காட்சி தருகிறார். அதைக் காண லட்சக்கணக்கான மக்கள் காத்துக் கிடப்பார்கள்.

இவ்வளவும் சரி. ஆனால் மாணிக்கவாசகர் கேட்ட அந்தப் பெண்கள் யார்? ஒருத்தியின் பெயர்கூடத் தெரியாது. பாட்டில் பேச்சு அவர்களுடையது. பெயர் அவருடையது.

ஊமைப் பெண் பேசினாள்

மாணிக்கவாசகர் பெண்களின் விளையாட்டுகளில் பலவற்றைப் பாட்டாக்கினார். அம்மானை ஆடுவது, ஊஞ்சல் ஆடுவது, பூப் பறிப்பது, சுண்ணம் இடிப்பது எல்லாம் திருவாசகத்தில் உண்டு. சாழல் என்று ஒரு விளையாட்டு. ஒருத்தி ஏளனமாகக் கேள்வி கேட்பாள். மற்றவள் மடக்கிப் பதில் சொல்லுவாள். திருச்சாழல் பிறந்ததைப் பற்றி ஒரு கதை சொல்லுகிறார்கள். ஈழ நாட்டு அரசனின் மகள் பிறவி ஊமை. தில்லையில் புத்த குருமார்கள் கேட்ட கேள்விகளை மாணிக்கவாசகர் அவளிடம் கேட்டார். ஊமைப் பெண் வாய் திறந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அவைதான் பாட்டாயின என்பது கதை.

கதை எப்படியும் இருக்கட்டும். ஊமையாக இருந்த பெண்ணைப் பண்டிதர்கள் சபையில் பேச வைத்த கதையை நம் முன்னோர் ஆயிரம் ஆண்டாகச் சொல்லி மகிழ்ந்தார்கள். வீட்டில் இருந்த பெண்ணுக்கு மட்டும் எழுத்து சொல்லிக் கொடுக்க மறந்துவிட்டார்கள்!

எழுதிய பெண்கள் இல்லாமல் இல்லை. சங்கப் புலவர்களில் 30-க்கு மேற்பட்டவர்கள் பெண்கள். அதியமான் சார்பில் காஞ்சித் தொண்டைமானிடம் தூது போனவர் ஔவையார். தொண்டைமான் தன் ஆயுதச்சாலையைக் காட்டினான். ஔவையார் அதைப் புகழ்ந்தார். உன் ஆயுதங்கள் மாலை போட்டு, எண்ணெய் பூசி, பளபளப்பாக இருக்கின்றன. அதியமானின் ஆயுதங்களோ முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புகழ்ச்சி போல இருக்கும். யாருடைய ஆயுதம் போரைப் பார்த்தது என்பது தொண்டைமானுக்கு விளங்காமல் போகுமா?

காரைக்கால் அம்மையார் தம் பாட்டில் தம்மைப் பேய் என்று சொல்லிக்கொண்டார். ஆண்டாள் திருப்பாவையின் 30-வது பாட்டில் கோதை என்று தம் பெயரைப் பதித்தார். மார்கழியில் அதே பெண்களின் நோன்பைத்தான் அவரும் பாடினார். ஆனால் அது பெண்ணே எழுதிக் கையெழுத்துப் போட்ட பாட்டு.

இந்த இரண்டு பாவைகளும் கடல் கடந்து தாய்லாந்து வரை போயின. பாங்காக்கில் அரண்மனைப் பிராமணர்கள் நடத்தும் சடங்குக்குத் "திரியம்பாவாய், திரிபாவாய்" என்று பெயர். அந்த விழாவில் மிக உயரமான ஊஞ்சலில் ஆட்கள் ஆடுவார்கள். ஆபத்து என்று ஊஞ்சல் ஆட்டத்தை 1935-ம் ஆண்டு நிறுத்திவிட்டார்கள். ஊஞ்சல் கம்பங்கள் இன்றும் நிற்கின்றன.

எழுதிய தோழி

பழைய அகப்பாட்டுகளில் தலைவி தன் ஆசையைத் தலைவன் முன் தானே சொல்லக் கூடாது. தொல்காப்பியம் போட்ட கட்டு அது. அவளுக்காகத் தோழி பேசுவாள். அதே போல ஒரு தோழி சென்னை திருவல்லிக்கேணியில் இருந்தார்.

வை.மு.கோதைநாயகி அம்மாள் 1901-ம் ஆண்டு பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனால் கதை சொல்லுவதில் கெட்டிக்காரி. அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். அவர் மனத்தில் ஒரு நாடகம் உருவாயிற்று. எழுத வராது. என்ன செய்வது? பட்டம்மாள் என்ற தோழியை உட்கார வைத்து, தாம் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். அப்படி வந்ததுதான் "இந்திர மோகனா". 1924-ம் ஆண்டு அச்சாயிற்று.

பிறகு தாமே எழுதக் கற்றுக்கொண்டார். 1925-ல் "ஜகன்மோகினி" மாதப் பத்திரிகையை வாங்கி நடத்தத் தொடங்கினார். 1960-ம் ஆண்டு காலமாவதற்குள் 115 நாவல்கள் எழுதினார். மேடையேறிப் பிரசங்கமும் செய்தார். விடுதலைப் போரில் சிறைக்கும் போனார். எழுதத் தெரியாமல் தொடங்கிய ஒருவர் பத்திரிகையே நடத்தினார் என்பதை, வயதான பிறகு எழுத்துக் கூட்டப் பழகுகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் இன்னொருவர். தேவதாசிக் குடும்பத்தில் வளர்ந்து, அந்த முறையை எதிர்த்தே நாவல் எழுதினார். 1936-ல் அது வெளிவந்தது. தாசிகளைப் பற்றி மற்றவர்கள் ஏராளமாக எழுதியிருந்தார்கள். உள்ளே இருந்து பார்த்தவரின் எழுத்து வேறு மாதிரி இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், பெண்கள் இப்படி எழுத வந்த பிறகு ஆண்கள் பெண் பெயரை வைத்துக்கொண்டார்கள்! ரங்கராஜன் என்ற என்ஜினீயர் தம் மனைவியின் பெயரான சுஜாதாவைப் புனைபெயராக்கினார். ஸ்ரீவேணுகோபாலன் புஷ்பா தங்கதுரை ஆனார். பெண் பெயரைப் பார்த்து ஏமாந்தவர்கள் எத்தனை பேரோ!

இணையத்தில் பாடம்

இன்று இதெல்லாம் கல்லூரிப் பாடமாகிவிட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் முதல் ஆண்டில் கட்டுரை எழுதும் வகுப்பு ஒன்று பெரும்பாலும் உண்டு. அந்த வகுப்பையே சிலர் ஆண், பெண் என்ற வேற்றுமையும் சொல்வன்மையும் என்ற தலைப்பில் நடத்துகிறார்கள். வீட்டில் இருந்தபடியே இணையத்தில் படிக்கலாம். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், கேட்பவர் மனம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் பாடம். சொல்வன்மைக்கு இலக்கணம் எழுதிய கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் வாழ்ந்த ஏதென்ஸ் நகரத்தில், மக்கள் சபையில் பெண்கள் பேச இடம் இல்லை. அதையும் அந்த வகுப்பில் சொல்லித் தருகிறார்கள்.

தமிழ்நாட்டிலும் வசதி வந்துவிட்டது. தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001-ம் ஆண்டு தொடங்கியது. மத்திய அரசின் "ஸ்வயம்" பாடங்கள் 2017-ல் வந்தன. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டம் 2022-ம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கியது. அதற்கு ராமாமிர்தம் அம்மையார் பெயரையே வைத்தார்கள்.

ஆனால் 2011-ம் ஆண்டுக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்கள் நூற்றுக்கு 86 பேருக்கு மேல். பெண்கள் 73 பேர். மற்றப் பெண்கள் யார் வாயால் பேசுவது?

ஒரு திங்கட்கிழமை காலையில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போனால் தெரியும். அன்று மக்கள் குறை கேட்கும் நாள். விதவைப் பென்ஷனுக்கும் பட்டாவுக்கும் பெண்கள் வருகிறார்கள். வெளியே மனு எழுதிக் கொடுப்பவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். "மேற்படி விலாசத்தில் வசித்து வரும் நான்" என்று பேனா ஓடுகிறது. அந்த "நான்" ஒரு பெண். எழுதும் கை பல சமயம் ஓர் ஆணுடையது. நல்ல எழுத்தர் முதலில் அந்த அம்மாள் சொல்லுவதை முழுதும் கேட்டுவிட்டு எழுதுவார். அவசரக்காரர் பழைய மனுவைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவார். அதில் அந்த அம்மாளின் பெயர் மட்டும் புதிது.

மகள் கல்லூரிக்குப் போகிற வீடுகளில் இப்போது மகளே மனு எழுதிவிடுகிறாள். அம்மா சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். அம்மா நடுவில் நிறுத்தி, "அப்படிப் போடாதே, நான் சொன்ன மாதிரியே போடு" என்பாள். எழுதி முடித்ததும் மகள் ஒரு தடவை உரக்கப் படித்துக் காட்டுவாள். அதற்குப் பிறகுதான் அம்மா கையெழுத்துப் போடுவாள்.